ஏழு மணி வெயிலும் இரவு ஷிப்டும்

இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்க முடியாமல் தவிக்கிறவர்களைக் கேட்டால், பக்கத்து வீட்டு வானொலி, பிள்ளைகளின் கூச்சல், ரொட்டி பாயின் மோட்டார் சைக்கிள் ஹாரன் என்று சத்தத்தின் மேல்தான் முதலில் பழி போடுவார்கள். சத்தமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்து, கூலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, இப்போது புதிதாக இரவு வேலைக்கு வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நான் அவர்களிடம் முதலில் பேசுவது, வீடு திரும்பும் பஸ்ஸின் சன்னல் வழியாகக் கண்ணில் விழும் காலை வெயிலைப் பற்றித்தான். அந்தச் சிறிது நேர வெளிச்சம் உடலுக்குள் என்ன செய்கிறது என்பது பிடிபட்டுவிட்டால் மற்ற ஆலோசனைகள் தாமாகவே விளங்கிவிடும்.

எங்கள் வட்டாரத்தில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய காலை 7.00 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில். பூமத்திய ரேகைக்கு ஐந்தரை டிகிரி வடக்கே இருப்பதால் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் கடிகாரம் மாறியிருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் இங்கே திணிக்கப்பட்டது, போருக்குப் பின் பழைய நேரம் திரும்பியது, பிறகு 1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டன. அதன் விளைவாக, எங்கள் ஊரில் சுவர்க் கடிகாரம் ஏழு காட்டும்போது சூரியக் கணக்குப்படி மணி ஆறுகூட ஆகியிருப்பதில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பெரும்பாலும் காலை ஏழுக்கு முடிகிறது. அதாவது இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் வாசலை விட்டு வெளியே வரும் அதே நேரத்தில்தான் பொழுதும் புலர்கிறது. உறங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் உள்ளிருந்து வகுக்கும் உடற்கடிகாரத்தின் கண்ணோட்டத்தில் இதைவிடப் பொருந்தாத நேரம் ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது.

என் அம்மா பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், உளி பிடித்தவர். இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுத்து, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, நெற்றி விளக்கோடு நிரையில் நுழைந்தால் விடியும்போது பாதி மரங்கள் வெட்டு முடிந்திருக்கும். இந்த நேரத்தைத் துரைமார்களின் கண்டிப்பு மட்டும் வகுக்கவில்லை, மரமும் வகுத்தது. இரவில் இலைகள் வழியாக நீர் ஆவியாவது குறைவாக இருப்பதால், பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில் அழுத்தம் விடிவதற்கு முன்பு உச்சத்தில் இருக்கும்; வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்க, அழுத்தம் குறைந்து பாலும் குறையும். நேரம் மாற்றப்பட்ட அந்தப் புத்தாண்டைப் பற்றிக் கேட்டால், “கடிகாரத்தைத்தான் மாத்துனாங்க, மரத்துக்கு யாரும் போய்ச் சொல்லலையே” என்பார் அம்மா. தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்து பல ஆண்டுகளாகியும் அவருக்கு இன்னமும் அதிகாலையிலேயே விழிப்பு வந்துவிடுகிறது. பழக்கம் ஒரு பாதிக் காரணம். வயது ஏறும்போது மனிதரின் உடற்கடிகாரம் முன்னோக்கி நகர்வது இன்னொரு பாதி.

வெளிச்சம் இல்லாவிட்டாலும் உயிர்களுக்கு நேரம் தெரியும் என்பதை முதலில் எழுதி வைத்தவர் ஜான் ஜாக் டி மைரான் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1729ஆம் ஆண்டில் அவர் தொட்டாச்சுருங்கி வகைச் செடியொன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாத நிலையிலும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மூடின. தோட்டத்துச் செம்மண் பாதையோரத்தில் அந்தச் செடியைத் தொட்டு விளையாடாத பிள்ளை எங்களில் யாரும் கிடையாது. தொடாமல் விட்டாலும் பொழுது சாய்ந்ததும் அது தானே மூடிக்கொள்ளும் என்பதும் தெரியும். இருட்டிப் போவதால் மூடுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். செடிக்குள்ளேயே நேரக்கணக்கு ஒன்று ஓடுகிறது, வெளிச்சம் அந்தக் கணக்கை அன்றாடம் திருத்திக் கொடுக்கிறது என்பதே உண்மை.

சேவல் கதையும் அப்படித்தான். பொழுது விடிவதைப் பார்த்துச் சேவல் கூவுகிறது என்பது பாட்டி காலத்து நம்பிக்கை. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மாறாத மங்கலான வெளிச்சத்தில் அடைக்கப்பட்ட சேவல்கள்கூட ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை தமக்குரிய நேரத்தில் கூவின. வெளிச்சம் போடும் வழக்கம் இருந்தபோதும், விளக்கு எரிவதற்கு வெகு முன்பாகவே கூவல் தொடங்கியது. இரண்டாண்டு கழித்து அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள்: கூட்டத்தின் அதிகார வரிசையில் முதலில் நிற்கும் சேவல் கூவிய பிறகே மற்றவை வரிசைப்படி கூவுகின்றன. கோழிக்கூட்டில் இவ்வளவு சபை மரியாதை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பறவைகளுக்கு நமக்கில்லாத ஒரு வசதி உண்டு. மண்டையோட்டை ஊடுருவி வரும் வெளிச்சத்தை அவற்றின் மூளையே நேரடியாக உணரும். பாலூட்டிகளுக்குக் கண் ஒன்றே வழி. கண்ணின் திரையில் உருவங்களைக் காணும் உயிரணுக்கள் போக, மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட தனி வகை நரம்பணுக்கள் இருக்கின்றன. 2002ஆம் ஆண்டில்தான் அவை ஒளியைத் தாமே உணர்வது உறுதியானது. அவற்றின் வேலை உருவங்களைக் காண்பதைவிடப் பொழுதை மூளைக்குச் சொல்வது. நீல வெளிச்சத்துக்கு, அதாவது 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கு, அவை மிகக் கூர்மையாக எழும். தெளிந்த காலை வானத்தில் அந்த நீலம் தாராளமாக இருக்கிறது. உடற்கடிகாரத்தைத் திருத்தும் வெளிச்சம் தோல் வழியாகவோ தலை வழியாகவோ நமக்குள் போகாது, கண் வழியாக மட்டுமே போகும் என்பதால், கண்ணை மறைத்தால் கடிகாரத்தையும் மறைத்ததாகிறது. கறுப்புக் கண்ணாடி என்ற மலிவான மருந்து வேலை செய்வதன் அடிப்படை இதுதான்.

அந்த நரம்பணுக்கள் செய்தி அனுப்பும் இடம், மூளையின் அடியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து. அதை அழித்தால் எலிகளின் உறக்கமும் ஓட்டமும் வேளை தவறிப் போவதை 1972ஆம் ஆண்டில் கண்டார்கள். அந்தக் கொத்தில் மட்டுமல்லாமல் கல்லீரல், கணையம், குடல் என்று ஒவ்வோர் உறுப்பின் உயிரணுக்களிலும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. மூளையில் இருப்பது பெரட்டில் நிற்கும் மண்டோரை, அதாவது கங்காணியை, போல: விடியும் நேரத்தைக் கண்ணிடம் கேட்டறிந்து எல்லாருக்கும் அறிவிக்கிறது. ஆனால் கல்லீரல் போன்றவை மண்டோரின் பேச்சை மட்டும் கேட்பதில்லை. சோறு வரும் நேரத்தையும் பார்த்துத் தம் கணக்கை மாற்றிக்கொள்கின்றன. நள்ளிரவில் வயிறு நிறையச் சாப்பிடுகிறவரின் மூளை ஒரு நேரத்திலும் கல்லீரல் இன்னொரு நேரத்திலும் இருக்கக் காரணம் இந்த இரட்டைத் தலைமைதான்.

உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதற்கான முதல் துப்பு பழ ஈயிடமிருந்து கிடைத்தது. 1971ஆம் ஆண்டில் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும், ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்களால் சில ஈக்களின் நாள் 19 மணி நேரமாகச் சுருங்குவதையும், சிலவற்றுக்கு 28 மணி நேரமாக நீள்வதையும், சிலவற்றுக்கு வேளையே இல்லாமல் போவதையும் கண்டார்கள். பீரியட் என்று பெயர் பெற்ற அந்த மரபணுவை 1984ஆம் ஆண்டில் பிரித்தெடுத்து, அதன் போக்கை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மரபணுவின் ஆணைப்படி ஒரு புரதம் உருவாகி இரவில் சேர்ந்துகொண்டே போகும். போதிய அளவு சேர்ந்ததும் உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, தன்னை உருவாக்கிய ஆணையையே நிறுத்திவிடும். பிறகு அது மெல்லச் சிதைந்து தீர, நிறுத்தம் நீங்கி எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இந்தச் சுற்று ஒருமுறை முடிய ஏறக்குறைய ஒரு நாள். நமக்குள்ளும் இதே அமைப்புதான், புரதங்களின் பட்டியல் மட்டும் நீளம்.

ஏறக்குறைய என்று சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1962ஆம் ஆண்டில் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலைக் குகையொன்றில் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் இருந்து, செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தபோது ஆகஸ்ட் 20 என்றே நினைத்திருந்தார். ஆனாலும் அவர் உடல் ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றிலேயே உறங்கி விழித்திருந்தது. மனதின் கணக்கு தவறிய இடத்தில் உடலின் கணக்கு நின்றது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க உறக்க ஆய்வாளர் சார்லஸ் செய்ஸ்லர் குழுவினர் துல்லியமாக அளந்தபோது, மனிதரின் உள்நாள், அதாவது உடற்கடிகாரத்தின் ஒரு சுற்று, சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று தெரிந்தது. பெரும்பாலானோருக்கு உள்நாள் சற்றே நீளமாக இருப்பதால், தூங்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். மூன்று ஷிப்ட் நடக்கும் ஆலைகளில் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் சுற்றுவது உடலுக்கு ஏற்றது என்றும், இரவு, மதியம், காலை என்று பின்னோக்கிச் சுற்றுவது தொல்லை என்றும் சொல்வதற்கு இதுதான் காரணம். அட்டவணை போடும் பொறுப்பில் இருப்பவர்களுக்குச் செலவில்லாத சீர்திருத்தம் இது.

“பழகிவிட்டால் இரவு வேலை ஒன்றும் செய்யாது, எலியும் ஆந்தையும் வாழவில்லையா” என்று கேட்பவர்கள் உண்டு. செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகப் பெட்டி கட்டிக் கூகைகளை வளர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். எலி இரவாடி, ஆனால் அதன் மூளைக் கடிகாரமும் நம்முடையதைப் போலவே பகலில்தான் அதிகம் துடிக்கிறது, மெலடோனின் என்ற சுரப்பும் நம்மைப் போலவே இரவில்தான் அதற்கும் ஊறுகிறது. எலியின் உடல் மெலடோனினை எழுந்து ஓடும் நேரமாக எடுத்துக்கொள்கிறது, நம் உடல் உறங்கும் நேரமாக எடுத்துக்கொள்கிறது. கடிகாரம் ஒன்றுதான், அதைப் படிக்கும் முறை உயிரினத்தோடு பிறப்பது. எத்தனை ஆண்டு இரவு வேலை செய்தாலும் மனித உடல் எலியின் வாசிப்புக்கு மாறிவிடாது. பெரும்பாலான இரவுத் தொழிலாளர்களின் உடற்கடிகாரம் ஓய்வு நாள்களில் குடும்பத்தோடு பகலில் வாழ்வதாலும் காலை வெயில் அன்றாடம் படுவதாலும் முழுவதுமாக மாறுவதே இல்லை.

ஆள் உண்மையிலேயே பகலில் தூங்கி இரவில் விழித்தால் உள்ளே வாழும் புழுக்கள்கூட நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்பது தோட்டப்புறத்தோடு நெருங்கிய செய்தி. யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியாப் புழுவின் நுண்குஞ்சுகள், கொசு கடிக்கும் நேரத்துக்கு ஏற்ப, இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில்தான் வெளி இரத்தத்தில் பெருகி மிதக்கும். பகலில் நுரையீரல் நாளங்களுக்குள் ஒதுங்கிவிடும். லயத்து வீடுகளில் தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி இரத்தம் எடுத்த டிரெசர் என்ற தோட்டத்து மருத்துவ உதவியாளரைப் பற்றி அம்மா சலிப்போடு சொல்வார். இந்த இரவுப் பெருக்கம்தான் அதற்குக் காரணம். உறக்க வேளையைத் தலைகீழாக்கிக்கொண்டவரின் உடலில் சில நாள்களில் புழுக்களின் வேளையும் தலைகீழாவதை 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்திருக்கிறார்கள்.

இனி நடைமுறை. இரவு ஷிப்டில் இருக்கும்போது என் உடல் வெப்பம் மிகத் தாழும் நேரம், அதாவது கண் தானாகச் சொருகும் நேரம், விடிவதற்கு முன் நான்கு, ஐந்து மணி வாக்கில் வரும். அந்தத் தாழ்நிலைக்கு முன்பு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்; அதற்குப் பின்பு படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். இரவு வேலை செய்கிறவருக்கு வேண்டியது பின்னுக்குத் தள்ளுவது. ஆகவே வேலையின் முதல் பாதியில் வெளிச்சமான இடத்தில் இருக்க வேண்டும், கடைசி மணி நேரங்களில் கூடியவரை மங்கலான இடத்தில் இருக்க வேண்டும், பஸ் ஏறியதும் கறுப்புக் கண்ணாடி போட்டு, சன்னல் திரையை இழுத்துவிட வேண்டும். வீட்டு வாசலில் நின்று பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், காலைச் சந்தைக்குப் போய்விட்டு வந்து படுக்கலாம் என்பதும் இரவு வேலை நாள்களுக்கு உரியவை அல்ல. இந்தச் சிறிய ஒழுங்கு எனக்குத் தந்த பகல் தூக்கத்தை எந்தக் கஷாயமும் தந்ததில்லை.

ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டி வருகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போடக்கூடாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று 1997ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. பகலில் சரியாகத் தூங்காமல் இரவு வேலைக்குப் போய்க் காலையில் ஓட்டி வருகிறவர் அந்த எல்லையைத் தாண்டியே வருகிறார். ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தொழிற்சாலை ஓய்வறையில் இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புவதே சரி. அதற்கு மேல் தூங்கினால் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் தலை கனக்கும். பஸ் இருக்கும்போது மோட்டார் சைக்கிளில் வருவதை நான் பிடிவாதமாக எதிர்க்கிறேன், என் தம்பி உட்பட யாராயிருந்தாலும்.

எங்கள் தொழிற்சாலையில் மஞ்சள் அறை ஒன்று உண்டு. ஒளியால் பாதிக்கப்படும் வேதிப்பூச்சைக் கையாளும் இடமாதலால் அங்கே நீல ஒளி முழுவதும் வடிகட்டப்பட்டிருக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தூக்கம் வருவதாகச் சொல்வார்கள். மெலனாப்சின் எந்த நிறத்துக்கு எழும் என்பதை நினைத்தால் அதில் வியப்பில்லை. இடைவேளையில் அவர்கள் வெள்ளை விளக்குள்ள கேண்டீனுக்கு வந்து உட்காருவது நல்லது, பாதி வெளிச்சத்தில் மறைவாகப் படுப்பதைவிட.

படுக்கையறைக்கு வருவோம். தகரக் கூரை அல்லது அதன் கீழ் மெல்லிய மேற்பலகை மட்டுமுள்ள தாமான் வீடுகளில் முற்பகலுக்குள் அறை கொதிக்கத் தொடங்கிவிடும். உறக்கத்துக்கு உடலின் உள்வெப்பம் குறைய வேண்டும். வெளியே சூடேறினால் அது நடக்காது. வெயில் அடிக்காத பக்கத்து அறையைத் தேர்ந்து, சன்னலில் கனத்த கறுப்புத் துணி தைத்து மாட்டி, படுக்கும் முன் குளித்து, மின்விசிறியை நேராகப் படும்படி வைத்தால் ஏர்கோன் இல்லாமலேயே ஓரளவு சமாளிக்கலாம். இருட்டிய அறையில் இன்னொரு விருந்தாளியும் வருவார். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகும் பொழுது சாயும் நேரத்திலும் அதிகம். கொசுவுக்கும் அதன் கடிகாரம் அப்படி அமைந்திருக்கிறது. இரவில் தூங்குகிறவர்கள் கொசுவலையை அவிழ்த்து மடித்து வைக்கும் நேரத்தில்தான் நாம் படுக்கிறோம். பகல் தூக்கத்துக்கு வலை அவசியம்.

உணவைப் பற்றி நம் மக்களிடம் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இனிப்புநீர் (நீரிழிவு) இல்லாத வீடு எங்கள் தெருவில் அரிது. மெலடோனின் ஏறியிருக்கும் இரவு நேரத்தில் கணையம் இன்சுலினைக் குறைவாகவே விடுகிறது. ஒரே தட்டுச் சோறு பகலில் ஏற்றுவதைவிட நள்ளிரவில் இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். 2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வக ஆய்வில், இரவு வேலை செய்வதுபோல் விழித்திருக்க வைக்கப்பட்டவர்களில் இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை அளவு கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. நான் கடைப்பிடிப்பது: மாலை பஸ்ஸுக்கு முன் வீட்டிலேயே முழுச் சாப்பாடு, நள்ளிரவுக் கேண்டீனில் நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் பார்வைக்கு மட்டும், கையில் அவித்த முட்டையோ சூப்போ, காலையில் படுக்கும் முன் பசி எழுப்பாத அளவுக்குச் சிறிய பசியாறல். தே தாரேயும் கோப்பியும் இரவு ஒரு மணிக்கு மேல் வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். மிச்சப் பாதி படுக்கைக்குத் துணையாக வரும்.

ஓய்வு நாளில்தான் பலருடைய ஒழுங்கும் குலைகிறது. இரவு வாரத்தின் நடுவே வரும் ஓய்வு நாளில் அதிகாலையில் எழுந்து கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போனால், உடற்கடிகாரம் பகலை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். பிறகு அதை மறுபடி நகர்த்த ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வீதம்தான் முடியும். முழுவதும் இரவுப் பிறவியாகவும் வாழ முடியாது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் செய்தேன்: ஓய்வு நாளில் பின்னிரவு இரண்டு, மூன்று மணி வரை விழித்திருந்து, முற்பகல் பத்து, பதினொன்று வரை தூங்குவது. வேலை நாளில் காலை எட்டரைக்குப் படுப்பதற்கும் இதற்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தூக்கம் பொதுவாக வந்துவிடுவதால் உடல் அதை நங்கூரமாகப் பிடித்துக்கொள்கிறது. இரவு ஷிப்ட் இரண்டு, மூன்று நாள் மட்டும் வந்து போகும் இடங்களில் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். கடிகாரத்தைப் பகலிலேயே விட்டுவிட்டு, வேலைக்குப் போகும் முன் மாலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போவது போதும்.

பெரிய பையன் மேல்நிலைப்பள்ளியில் படிக்கிறான். அவன் இரவில் தூங்க மறுப்பதும் காலையில் எழ மறுப்பதும் வெறும் சோம்பலில்லை. பருவ வயதில் உடற்கடிகாரம் பின்னுக்கு நகர்வது எல்லா நாட்டுப் பிள்ளைகளிடமும் காணப்படுகிறது, ஏறக்குறைய இருபது வயதில்தான் அது திரும்பத் தொடங்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014ஆம் ஆண்டில் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. எங்கள் ஊரிலோ சூரியன் எழும்போதே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பள்ளி நேரத்தை நம்மால் மாற்ற முடியாது. கைப்பேசியை இரவு பத்து மணிக்குக் கூடத்தில் வாங்கி வைப்பதும், அவனை எழுப்பியதும் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, விடிந்த பிறகு வெளியே நிற்கச் சொல்வதும் முடியும். எனக்கு விலக்க வேண்டிய அதே வெயில் அவனுக்கு மருந்து. ஒரே வீட்டில் ஒருத்தி திரை போடுகிறாள், ஒருவன் திரை விலக்குகிறான் என்று அம்மா சிரிப்பார்.

பெண்கள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்பது பெரும்பாலும் மாதவிலக்கு ஒழுங்கு தவறுவதைப் பற்றி. இரவு வேலைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன; தூக்க ஒழுங்கு சரியாகியும் அது நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007ஆம் ஆண்டில், பிறகு 2019ஆம் ஆண்டிலும், இரவு வேலையை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் சேர்த்திருக்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்வதில்லை. மார்பகப் பரிசோதனையையும் ஆண்டுக்கொருமுறை சர்க்கரை, இரத்த அழுத்தச் சோதனையையும் இரவு வேலை செய்கிறவர்கள் தள்ளிப்போடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏற்கெனவே இனிப்புநீருக்கு மாத்திரை அல்லது ஊசி எடுத்துக்கொள்கிறவர்கள் இரவு ஷிப்டுக்கு மாறும் முன் கிளினிக்கில் தங்கள் ஷிப்ட் அட்டவணையைக் காட்ட வேண்டும். “காலை ஒன்று, இரவு ஒன்று” என்று மருந்துப் பையில் எழுதியிருப்பது பகலில் சாப்பிட்டு இரவில் தூங்குகிறவரின் கணக்கு. சில மருந்துகள் சாப்பாட்டோடு சேர்ந்தவை. சாப்பாட்டு நேரம் மாறியபின் பழைய நேரத்திலேயே போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் தூங்கினால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. எந்த நேரத்தில் சாப்பிடுவீர்கள், எந்த நேரத்தில் தூங்குவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால், மருந்து நேரத்தை அவர்களே மாற்றிக் குறித்துக் கொடுப்பார்கள்.